ஜொகூர் பாருவும் சின்னக் காடியின் வாட்டர் பம்ப்பும்

சின்னக் காடியின், அதாவது சிறிய காரின், வாட்டர் பம்ப் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும். வார்ப்பு அலுமினிய உடல், அதன் நடுவே ஓர் எஃகுத் தண்டு, தண்டின் வெளிமுனையில் பெல்ட் ஓடும் புல்லி, உள்முனையில் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம், இவற்றுக்கு நடுவில் பேரிங்கும் சீலும். எஞ்சின் சுற்றும்போது பெல்ட் புல்லியைச் சுற்றுகிறது. இறக்கை ரேடியேட்டரின் அடியில் குளிர்ந்து நிற்கும் தண்ணீரை இழுத்து எஞ்சின் சுவர்களுக்குள் செலுத்துகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் மேல் ஓஸ் வழியாக ரேடியேட்டருக்குத் திரும்புகிறது. பம்ப் உடலின் அடிப்பக்கம் மிளகு அளவில் ஒரு துளை உண்டு. சீல் தேய்ந்து தண்ணீர் தாண்டி வந்தால், அது பேரிங்கை நனைத்துக் கெடுப்பதற்கு முன் வெளியேறட்டும் என்று வேண்டுமென்றே விடப்பட்ட வழி அது. அந்தத் துளையில் சொட்டுத் தெரிந்தால் பம்ப்பின் காலம் முடிகிறது என்று பொருள். துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் புத்திசாலிகளும் உண்டு. அவர்களுடைய பம்ப் சில வாரங்களில் பேரிங்கோடு சேர்ந்து போகும்.

இந்தச் சிறு பாகத்தை மாற்றுவது எல்லா ஊரிலும் நடக்கும் வேலைதான். ஜொகூர் பாருவில் அதற்குத் தனி வரலாறு அமைந்ததற்கு ஊர் இருக்கும் இடமே காரணம். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு காடி பொதுவாகப் பத்து வயதில் சாலையை விட்டுப் போய்விடுகிறது. இந்தப் பக்கம் முப்பது வயதுக் காடி காலையில் வேலைக்குப் போய் மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றிச் செல்கிறது. ஒரு கிலோமீட்டர் சாலை பிரிக்கும் இரண்டு நாடுகளின் சட்டமும் நாணயமும் காடியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வாட்டர் பம்ப் கசிவது வயதான காடியின் நோய். ஆகவே அது இக்கரையின் தொழிலாயிற்று.

காடிகள் மலாயாவுக்கு வந்த தொடக்கக் காலத்தில் பலவற்றில் வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே எழும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை மட்டும் நம்பி எஞ்சினைக் குளிர்வித்தார்கள். 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி இதற்குச் சுவையான உதாரணம். முதல் 2,500 காடிகள் அளவுக்குப் பம்ப் பொருத்தி அனுப்பிய ஃபோர்டு நிறுவனம், பிறகு செலவும் சிக்கலும் வேண்டாமென்று அதை நீக்கிவிட்டது. அதன்பின் 1927 வரை கோடிக்கும் மேலான மாடல் டி காடிகள் பம்ப் இல்லாமலே ஓடின. பிரிட்டனின் ஆஸ்டின் செவன் காடியும் 1922 முதல் இதே வழியில் போனது. இந்த முறையில் கசிவதற்குப் பம்ப் இல்லை. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் மேல் ஓஸுக்குக் கீழே இறங்கினால் சுழற்சி அறுந்து கொதி தொடங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகையில் இருக்கும் ஊரில், செம்மண் சாலையில், முதல் கியரில் மேடேறும் காடிக்கு இது அடிக்கடி நேர்ந்தது. ஓட்டுநரின் காலடியில் ஒரு தகர டின் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டியிருந்தது.

ஜொகூரில் காடிக்கு முதல் பெரிய ரசிகர் அரண்மனையிலேயே இருந்தார். 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் வேகக் காடிகளில் மோகம் கொண்டவர். ஆனால் சாதாரண மக்களுக்குக் காடி அருகில் வந்தது கடற்பாலத்தோடுதான். அதுவரை நீரிணையைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும் அக்டோபரில் பயணிகள் ரயிலும் கடற்பாலத்தில் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28-ல் அது முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயில், சாலை இரண்டோடு மூன்றாவதாக அதன்மேல் தண்ணீரும் ஏறியது. 1927 தண்ணீர் உடன்படிக்கைக்குப் பின் குனோங் பூலாயிலிருந்து சிங்கப்பூருக்குக் குழாய் போயிற்று. வாகனங்கள் தெற்கிலிருந்து வடக்கே பழுதுபார்க்க வருவதற்கு வெகுகாலம் முன்பே, வடக்கிலிருந்து தெற்கே தண்ணீர் ஏற்றும் ஊராகிவிட்டது ஜொகூர் பாரு.

கடற்பாலம் திறந்தபின் சிங்கப்பூரின் காடி வணிகம் ஜொகூருக்கும் சேர்த்து விற்றது. 1906-ல் அங்கே தொடங்கிய வேர்ன் பிரதர்ஸ் போன்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களில் ரப்பர்த் தோட்டத் துரைமாரும் அடக்கம். பாகம் வேண்டுமானாலும் சிங்கப்பூருக்கே ஆள் அனுப்பினார்கள். இந்த நிலை இன்று தலைகீழாகிவிட்டதை நினைத்தால் வேடிக்கைதான்.

1930களின் காடிகளில் பம்ப் பரவலானது. அந்தக் காலத்துப் பம்ப்பின் அமைப்பு கிணற்றடி இறைவை எந்திரத்தின் அமைப்பையே ஒத்தது. தண்டைச் சுற்றி எண்ணெயும் கிராஃபைட் பொடியும் ஊறிய கயிற்றைச் சுருட்டி அடைத்து, மேலே ஒரு பெரிய மறையால் அழுத்துவார்கள். கசிந்தால் மறையை அரைச் சுற்று முறுக்கினால் போதும். மீண்டும் கசிந்தால் இன்னொரு அரைச் சுற்று. முறுக்க இடமில்லாதபோது பழைய கயிற்றைக் கொக்கியால் இழுத்துவிட்டுப் புதிது சுற்றுவார்கள். பக்கத்திலேயே ஒரு கிரீஸ் கிண்ணம் இருக்கும். அதன் மூடியை அவ்வப்போது திருகுவது ஓட்டுநரின் கடமை. சொட்டுச் சொட்டாகக் கசிவது அந்தப் பம்ப்புக்கு இயல்பு. சுத்தமாகக் காய்ந்திருந்தால்தான் தண்டு தேய்கிறது என்று கவலைப்பட வேண்டும். இன்றைய பம்ப்பில் ஒரு சொட்டும் ஆபத்து, அன்றைய பம்ப்பில் ஒரு சொட்டுமில்லாததே ஆபத்து.

1942 ஜனவரி 31-ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை உடைத்தது. ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் அருகியது, கரிவாயு அடுப்பைச் சுமந்த வாகனங்கள் ஓடின, புதுப் பாகங்கள் வருவது நின்றது. கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் பழக்கம் பட்டறைகளில் அப்போது வேரூன்றியது என்று கொள்ளலாம். போருக்குப் பின்னும் அது போகவில்லை.

1950களும் 60களும் ஆங்கிலேயச் சின்னக் காடிகளின் காலம். ஆஸ்டின் ஏ30-க்காக 1951-ல் வந்த ஏ-சீரிஸ் எஞ்சின், 1952-ல் மோரிஸ் மைனருக்கும் 1959-ல் மினிக்கும் போயிற்று. அஞ்சலக அதிகாரி, பள்ளித் தலைமையாசிரியர், தோட்டத்துக் கிராணி, டிரெஸ்ஸர் என்று மாதச் சம்பளக்காரர் வாங்கத் துணிந்த காடிகள் இவை. மூன்றிலும் பம்ப் ஒரே குடும்பம். கயிற்று அடைப்பு போய், சுருள்வில்லின் அழுத்தத்தில் கார்பன் வளையம் சுழலும் சீல் வந்திருந்தது. சீல் போனால் சீலை மட்டும் மாற்றலாம். தண்டு, பேரிங், சீல், கேஸ்கெட் நான்கும் ஓர் அட்டைப் பெட்டியில் பழுதுப் பெட்டியாகக் கிடைத்தன. புல்லியைப் பிடுங்கி, இறக்கையைக் கழற்றி, வைஸில் வைத்துத் தண்டைத் தட்டி வெளியே எடுத்து, புதியதை அழுத்திப் பொருத்த வேண்டும். நேராக அழுத்தத் தெரியாதவன் கையில் புதுப் பேரிங் மூன்று மாதத்தில் ஊளையிடும்.

மினியில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. பம்ப்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஓஸ். அது வெடித்தாலும் கசிவு பம்ப்பிலிருந்து வருவதுபோலவே தெரியும். நாலணா ஓஸுக்காகப் பம்ப்பை இறக்க வேண்டியிருந்ததால், அனுபவமுள்ள கைகள் பம்ப்பை இறக்கும்போதெல்லாம் கேட்காமலே அந்த ஓஸையும் மாற்றிவிடும். ஃபோக்ஸ்வாகன் பீட்டல் வைத்திருந்தவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. காடிக்காரர்களுக்குள் நடக்கும் வாதங்களில் பீட்டல்காரர் இதைச் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை.

அந்தக் காலப் பட்டறையில் பார்க்கத்தக்க கைவேலை கேஸ்கெட் வெட்டுவது. கடையில் கேஸ்கெட் இல்லையென்றால் வேலை நிற்காது. தடித்த கேஸ்கெட் தாளில் ஒரு துண்டை எடுத்து, பம்ப்பின் வாய்மேல் விரித்து, இடக்கையால் அசையாமல் அழுத்திக்கொண்டு, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஓங்கி அடிப்பதில்லை, மணிக்கட்டிலிருந்து விழும் சிறு தட்டுகள். உலோக விளிம்புக்கும் சுத்தியலுக்கும் நடுவில் தாள் தானே அறுந்து விழும். முதலில் ஒரு போல்ட் துளையைத் தட்டித் திறந்து அதில் போல்ட்டைச் செருகுவது முறை. இல்லாவிட்டால் தாள் நகர்ந்து எல்லாம் கோணலாகிவிடும். பத்து நிமிடத்தில் அச்சில் வார்த்ததுபோல் கேஸ்கெட் தயார். இருபுறமும் கிரீஸ் தடவிப் பொருத்துவார்கள். இந்த வேலையைத் தெரிந்தவர்கள் இன்று வயதானவர்கள்.

பட்டறைக்குள் தமிழர்கள் வந்த வழி தோட்டத்திலிருந்து தொடங்குகிறது. லாரி, ஜீப், ரப்பர்ப் பால் கொட்டகையின் எந்திரங்கள், மின்னாக்கி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டரும் டிரைவரும் தோட்டத்தில் மதிப்புள்ள ஆட்கள். 1950, 60களில் பெருந்தோட்டங்கள் துண்டுபட்டு விற்கப்பட்டபோது பல குடும்பங்கள் வேலையிழந்து நகரங்களை நோக்கி நகர்ந்தன. ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த தோட்டங்களும் பின்னாளில் வீடமைப்புப் பகுதிகளாயின. இன்று உணவகங்களுக்குப் பேர்போன மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நகரத்துப் பட்டறைகளில் பெரும்பாலானவை சீனர்களுடையவை. தௌக்கேயிடம் எடுபிடியாகச் சேரும் பையன் முதல் வருடம் ஸ்பேனர் கழுவுவான், டயர் கழற்றுவான். இரண்டாம் வருடம் எண்ணெய் மாற்றுவான். பம்ப்பைத் தொட மூன்றாம் வருடமாகும். அங்கே வளர்ந்த பேச்சு ஒரு கலவை. காடி என்ற சொல் வடநாட்டு மொழியிலிருந்து மலாயாத் தமிழுக்கு வந்து கார் என்ற சொல்லை வீட்டுப் பேச்சிலிருந்தே விரட்டிவிட்டது. மெக்கானிக்கை ஃபோர்மேன் என்பார்கள். மலாய்க்காரர் நாவில் அது பொமேன். கசிவு தமிழில் லீக், மலாயில் பொச்சோர். ஒரே பட்டறையில் இரண்டும் கேட்கும்.

1960களின் இறுதியில் காடிகளை மலேசியாவிலேயே ஒன்றுசேர்க்கும் ஆலைகளுக்கு அரசு அனுமதி தந்தது. அவற்றில் ஒன்று ஜொகூர் பாருவின் தம்போயில் எழுந்தது. 1970களில் அது ஜெனரல் மோட்டார்ஸ் வசம் இருந்தது. பிறகு ஓரியண்டல் அசெம்பிளர்ஸ் என்ற பெயரில் ஹோண்டா காடிகளை ஒன்றுசேர்த்தது. ஆங்கிலேயக் காடிகள் மெல்ல மறைந்து, டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா, ஹோண்டா சிவிக் ஆகியவை தெருவை நிறைத்தன. இதனோடு பம்ப் வேலையின் இயல்பும் மாறிற்று. ஜப்பானியப் பம்ப்பில் தண்டும் பேரிங்கும் பிரிக்கவொண்ணாத ஒரே அங்கமாக உடலுக்குள் அழுத்தப்பட்டிருந்தன. பழுதுப் பெட்டி கிடையாது. கழற்று, தூக்கிப் போடு, புதிதைப் பூட்டு. பழைய ஃபோர்மேன்கள் இதை வேலை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். ஆனால் மாற்றிய பம்ப் நெடுநாள் உழைத்ததால் வாடிக்கையாளருக்குக் குறையில்லை. இழந்தது ஒரு கைத்திறன், கிடைத்தது ஒரு மதிய நேரம்.

பின்சக்கர இயக்கக் காடிகளில் விசிறியும் பம்ப் தண்டின் முனையிலேயே பூட்டப்பட்டிருந்தது. விசிறியின் எடையும் அதிர்வும் பேரிங்கின்மேல் விழும். பேரிங் முற்றாகத் தளர்ந்தால் சுழலும் விசிறி முன்னே சாய்ந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். முன்சக்கர இயக்கம் வந்து எஞ்சின் குறுக்கே திரும்பியதும் விசிறி பிரிந்து தனி மின்மோட்டாருக்குப் போயிற்று. அதன்பின் பம்ப்பைக் கொல்வது பெரும்பாலும் இரண்டுதான்: அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட், குழாய்த் தண்ணீர்.

1983 மே மாதம் மலேசியாவின் சொந்தக் காடி நிறுவனமான புரோட்டோன் பதிவாயிற்று. 1985 ஜூலை 9-ல் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரேயை ஒட்டிய உடல், 1,299 சிசி எஞ்சின். ஒன்பதாண்டு கழித்து, 1994 ஆகஸ்டில், பெரோடுவாவின் கஞ்சில் வந்தது. டைஹாட்சு மீராவை அடியொற்றிய அதற்கு மூன்றே சிலிண்டர். 660 மாடலும், 847 சிசி கொண்ட 850 மாடலும் இருந்தன. முதல் மினியின் எஞ்சின் 848 சிசி. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரு சிசி குறைவு. கஞ்சில் 2009 வரை உற்பத்தியாகியது. மோட்டார் சைக்கிளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற பல தொழிலாளர் குடும்பங்களை மழையிலிருந்து காப்பாற்றிய முதல் காடி அதுதான். ஜொகூர் பாருவில் இன்று பம்ப் மாற்ற வரும் பழைய சின்னக் காடி என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

சாகாவில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது சொல்லத்தக்கது. பம்ப்பைச் சுற்றுவது வெளியே தெரியும் ஃபேன்பெல்ட்தான். ஆனால் பம்ப் உட்கார்ந்திருப்பது டைமிங் பெல்ட் மூடிக்குப் பின்னால். ஆகவே சொட்டு நிற்க வேண்டுமானால் டைமிங் பெல்ட்டே இறங்க வேண்டும். காடி முதலில் ஆறவேண்டும். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையும் முகமும் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடியிலுள்ள திருகைத் திறந்தால் பழுப்பு நிறத் தண்ணீர் பேசினில் கொட்டும். அதன் நிறத்தைப் பார்த்தே உடைமையாளர் கூலண்ட் ஊற்றினாரா, வீட்டுக் குழாயிலிருந்து ஊற்றினாரா என்று ஃபோர்மேன் சொல்லிவிடுவார். பெல்ட், புல்லி, மூடிகள் ஒவ்வொன்றாகக் கழலும். முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும்படி எஞ்சினைக் கையால் திருப்பிக் குறிகளை ஒத்துப் பார்த்து, அதன்பிறகே டைமிங் பெல்ட்டைத் தளர்த்துவார்கள். இங்கே ஒரு பல் தவறினாலும் பம்ப் மாற்ற வந்த காடி ஒழுங்காக ஓடாது.

பம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரே நீளமுள்ளவை அல்ல. நீளமானதைக் குட்டைத் துளையில் திருகினால் அடியில் முட்டிப் பம்ப் இறுகாது. குட்டையை நீளத் துளையில் போட்டால் இழை பிய்ந்துவிடும். கவனமான ஃபோர்மேன் ஒரு பழைய அட்டைப் பெட்டியின் மேல் பம்ப்பின் வடிவத்தைக் கிறுக்கி, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அதே இடத்தில் அட்டையில் குத்தி வைப்பார். வேலை முடியும்வரை அந்த அட்டையை யாரும் தொடக்கூடாது. துருவேறிய போல்ட் தலை முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிட்டால் அரை நாள் வேலை ஒன்றரை நாளாகும். பிறகு வருவது அலுப்பான பகுதி: எஞ்சின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் சுரண்டுவது. ஒரு நகக்கீறல் அளவு மிச்சமிருந்தாலும் புதுப் பம்ப் அங்கே கசியும். பம்ப் வாங்கிய காசு வீண்போவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடச் சோம்பலில்தான். பின்பக்கத் தண்ணீர்க் குழாய் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் நுழைக்க வேண்டும், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். புதிய கேஸ்கெட், மெல்லிய பூச்சாகச் சிலிகோன், எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கு. எல்லாம் ஏறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும்வரை தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவார்கள். விசிறி தானே இருமுறை ஓடி நின்றால் வேலை முடிந்தது.

இவ்வளவும் இறங்குவதால் ஒரு வழக்கம் பிறந்தது. டைமிங் பெல்ட் ஏறக்குறைய 100,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிய பொருள். பட்டறைக்காரர்கள் அதற்கு முன்பே மாற்றச் சொல்வார்கள். பெல்ட்டுக்காகத் திறந்தால் பம்ப்பையும், பம்ப்புக்காகத் திறந்தால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுவது என்றாயிற்று. பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிது. இரண்டு முறை திறக்க யாருக்கும் மனமில்லை. புதிதாகக் காடி வாங்கியவருக்கு இது ஏமாற்று வேலை போலத் தோன்றும், ஆனால் கணக்கு சரியானதே.

1994-ல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. கோலாலம்பூர் வரையுள்ள ஏறத்தாழ 330 கிலோமீட்டரை, ஆயர் ஈத்தாம், யோங் பெங் என்று ஊர் ஊராக நின்று போன காடிகள், இனி நான்கு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடின. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் ஐந்து பேரும் பலகாரப் பெட்டிகளும் ஏறிய கஞ்சில், ஏர்கோன் போட்டுக்கொண்டு, நூற்றுப் பத்தில் போகும். ஊருக்குள் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த பம்ப் இப்படிப்பட்ட பயணத்தில்தான் காலை வாரும். மாச்சாப் ஓய்விடத்தில் போனட்டைத் தூக்கிவைத்து மினரல் வாட்டர் புட்டியோடு நிற்கும் குடும்பங்கள் பண்டிகைக் காலத்தின் நிரந்தரக் காட்சி. குளிர்நாட்டு ஓட்டுநருக்குச் சூடேறும்போது ஹீட்டரைத் திறந்து கொஞ்சம் சூட்டைக் காடிக்குள் இறக்கிவிடும் வழி உண்டு. இங்கே பல காடிகளில் ஹீட்டரே கிடையாது. ரேடியேட்டருக்குள் முட்டை வெள்ளைக்கருவையோ மிளகுத் தூளையோ போட்டால் கசிவு அடைபடும் என்பது உலகெங்கும் ஓட்டுநர்கள் அறிந்த கைமருந்து. ரேடியேட்டரின் ஊசித்துளைக்கு அது ஓரளவு கேட்கலாம். பம்ப்பில் கசியும் இடம் சுழலும் தண்டு. அங்கே எதுவும் ஒட்டி நிற்காது.

இன்னொரு வழக்கமும் நெடுநாள் நிலைத்தது. சூடேறும் காடி வந்தால் முதலில் தெர்மோஸ்டேட்டைக் கழற்றி எறிவது. நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பது வாதம். கழற்றியபின் வெப்பமானி முள் கீழே இறங்குவதும் உண்மை. ஆனால் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலைக் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் பம்ப்புக்கே திரும்பி நிலைமை மோசமாகும். கசியும் பம்ப்பை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டேட்டைப் பழி சொன்ன காலம் அது. கூலண்ட் விஷயமும் அப்படித்தான். பனி உறையாத நாட்டுக்கு உறைதடுப்பு நீர் எதற்கு என்று கேட்பது நியாயம்போல் தோன்றும். அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துதான் இங்கே வேண்டியது. வெறுந்தண்ணீர் இரும்பைத் துருவாக்கி, அந்தத் துருத்தூள் சீலின் முகத்தை மணல்தாள்போல் தேய்க்கிறது.

சிங்கப்பூர்க் காடிகள் இக்கரைப் பட்டறைகளுக்கு வந்த கதையில் நாணயத்துக்குப் பெரும் பங்குண்டு. 1973 மே 8 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. 1980 வாக்கிலும் வித்தியாசம் சில காசுகளே. 1997-98 நிதி நெருக்கடிக்குப் பின் சிங்கப்பூர் வெள்ளி மலேசிய வெள்ளியில் இரண்டைத் தாண்டிற்று. 2024-ல் மூன்றரையைத் தொட்டது. கூலியே பெரும்பகுதியான பம்ப் வேலைக்கு இது பெரிய இழுப்பு. தாமான் செந்தோசா, தாமான் பெலாங்கி, ஜொகூர் ஜெயா, பெர்மாஸ் ஜெயா, லார்க்கின் வட்டாரக் கடைவரிசைகளில் சனி, ஞாயிறு காலைகளில் சிங்கப்பூர் எண்பலகைகள் நின்றன. காடியைப் பட்டறையில் விட்டு, ஜாலான் உங்கு புவானில் தோசை சாப்பிட்டு, முடிவெட்டி, சாமான் வாங்கித் திரும்பும்போது வேலை முடிந்திருக்கும். மலிவான பெட்ரோலையும் நிரப்பிக்கொள்ளலாம். முக்கால் தொட்டி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்று சிங்கப்பூர் விதித்த கட்டுப்பாடு இதைத் தடுக்கத்தான்; பம்ப் மாற்ற வருபவரை அது தடுக்கவில்லை. 1998-ல் இரண்டாம் பாலம் திறந்தபின் மேற்குப் பக்கமும் வழியாயிற்று.

ஆனால் அந்தச் சிங்கப்பூர்க் காடிகள் பெரும்பாலும் இளையவை. சிங்கப்பூரில் 1975 முதலே பழைய காடியைச் சீக்கிரம் ஒழிப்பவருக்குச் சலுகை உண்டு. 1990 மே முதல் சிஓஇ எனப்படும் உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கே செல்லும். புதுப்பிக்கலாம், செலவாகும். மலேசியாவிலோ, உள்நாட்டுக் காடிகளைக் காக்க வெளிக் காடிகள்மேல் விதித்த கடும் வரி, இருக்கிற காடியையே வைத்துக்கொள்ளச் செய்தது. ஆயுள் வரம்பு எதுவும் இல்லை. 2009 அக்டோபரில், பதினைந்து வயது தாண்டிய காடிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்ற அறிவிப்பு வந்தது. மக்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. கஞ்சிலும் பழைய சாகாவும் இன்னும் தெருவில் இருப்பதற்கு அந்தச் சில நாட்களின் சத்தமும் ஒரு காரணம்.

வயதான காடி வாழ வேண்டுமானால் பாகம் வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பம்ப் கேட்டால் எந்த ரகம் என்று திருப்பிக் கேட்பார்கள். நிறுவனப் பெட்டியில் வரும் ஒரிஜினல், ஜி.எம்.பி., ஐசின் போன்ற ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் பெட்டி; அதற்கும் கீழே பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள். கடைசி வழி பொத்தோங் கடை. ஜப்பானில் கழித்த காடிகளை நடுவில் அறுத்து முன்பாதியை மட்டும் இறக்குமதி செய்வதை ஹாஃப்-கட் என்பார்கள்; முழுக் காடிக்குத் தடையும் வரியும் உண்டு, பாதிக் காடி வெறும் பாகம். அதிலிருந்து எஞ்சின் வாங்குபவருக்கு பம்ப் கூடவே வரும். பழைய பம்ப்பைத் தனியாக வாங்கிப் பூட்டுவதை மட்டும் எந்த நல்ல ஃபோர்மேனும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதன் சீல் எத்தனை நாள் காய்ந்து கிடந்தது என்று சொல்ல ஆளில்லை.

காய்ந்த சீல் என்ன செய்யும் என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 18-ல் எல்லை மூடப்பட்டது. தரைவழி முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ல். பட்டறைகளுக்குச் சிங்கப்பூர் வாடிக்கை அறவே நின்றது. அக்கரையில் மாட்டிக்கொண்ட தொழிலாளர்களின் காடிகள் இங்கே வீட்டு வாசல்களில் மழையிலும் வெயிலிலும் கிடந்தன. ஓடாத பம்ப்பில் சீலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பேட்டரி மாற்றி முதன்முறை முடுக்கும்போது ஒட்டு பிய்ந்து, அடுத்த நாளே தரையில் பச்சைச் சொட்டு விழும்.

2005-ல் வந்த பெரோடுவா மைவியின் எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. சங்கிலியைப் பெல்ட் போலக் காலக்கெடு வைத்து மாற்றுவதில்லை. பம்ப்பும் வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. பெல்ட்டோடு பம்ப், பம்ப்போடு பெல்ட் என்ற வழக்கம் அதற்குப் பொருந்தாது. ஃபேன்பெல்ட்டைக் கழற்றினாலே வேலை தொடங்கிவிடும். முதல் மைவிகள் இப்போது இருபது வயதை எட்டிவிட்டன. தம்போய், லார்க்கின் பட்டறைகளில் போனட் திறந்து நிற்கும் வரிசையில் கஞ்சிலுக்குப் பக்கத்தில் அவையும் வந்துவிட்டன.